நிழலுக்கு உரிய செடி

தோட்டத்தில் வெயில் படாத மூலையைப் பாழிடம் என்று ஒதுக்குவோர் பலர். அங்கே ரோஜாவை நட்டு, அது பூவாதொழிந்தபின் நிலத்தைப் பழிப்பர். குற்றம் நிலத்தின்மேலது அன்று; செடியைத் தேர்ந்தவர்மேலது. இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் அத்தகைய மூலைக்கு ஏற்றவை, உறைபனியையும் தாங்கும் பெரணிகளே.

பெரணி பூப்பதுமில்லை, காய்ப்பதுமில்லை. அதன் விதை கண்ணுக்குப் புலப்படாதது என்றும், அதனை வைத்திருப்பவனும் பிறர் கண்ணுக்குப் புலப்படான் என்றும் பண்டை ஆங்கில மக்கள் நம்பினர்! அதன் அழகெல்லாம் இலையிலேயே உள்ளது. இளவேனிலில் நத்தைக்கூடுபோலச் சுருண்டெழும் தளிர், நாளடைவில் இறகென விரியும். ஆண்பெரணி எனப்படுவது மரநிழலில், ஓரளவு வறண்ட மண்ணிலும் வாழும். மான்நாக்குப் பெரணியின் பிளவுபடாத இலை பனிக்காலத்திலும் பசுமை மாறாது. அது சுண்ணாம்பு மண்ணை விரும்புவது. மட்கிய இலையுரமும், வேரூன்றும்வரை ஈரமும் இவற்றுக்குப் போதும். நடும்போது தளிர் எழும் முடியை மட்டும் ஆழப் புதைத்தல் ஆகாது, அழுகிவிடும்.

இத்துணை எளிய செடிக்கு மனிதரின் விருப்பமே பகையாயிற்று. இலண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு வளர்த்த பெரணிகள் நிலக்கரிப் புகையால் மடிந்தன. 1829-ஆம் ஆண்டளவில், கூட்டுப்புழு ஒன்றை வைத்து மூடிய கண்ணாடிக் குப்பியின் ஈரமண்ணில் பெரணி தானே முளைத்திருக்கக் கண்டார். அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பேழை, செல்வர் இல்லந்தோறும் பெரணியைக் கொண்டு சேர்த்தது. 1855-இல் சார்லஸ் கிங்ஸ்லி என்னும் எழுத்தாளர் இவ்வார்வத்துக்குப் ‘பெரணிப் பித்து’ என்றே பெயரிட்டார். காடுமலைகளிற் கண்டதையெல்லாம் மக்கள் பெயர்த்தெடுத்தனர். அயர்லாந்தின் கில்லார்னிப் பெரணி அவ்வாறு பல இடங்களில் அருகிப்போயிற்று. சட்டத்தின்படி பிரிட்டனில் அதனைப் பறிப்பது குற்றமாகும்.

ஒரு செடியை எடுப்பதால் காடு குறைந்துவிடுமா என்று சிலர் வினவுவர். அன்று பெயர்த்தவர் ஒவ்வொருவரும் எடுத்தது சில செடிகளே. காட்டிற் பெயர்த்த செடியால் அணிபெறும் தோட்டத்தைவிட வெறும் மூலையே மேலானது.

அன்றியும், பெயர்த்தெடுக்க வேண்டிய தேவையே இல்லை. முதிர்ந்த இலையொன்றைத் தாளில் இரண்டொரு நாள் வைத்தால், அடிப்புறத்திலிருந்து பழுப்புத்தூள் உதிரும். அதுவே வித்து. ஈரமண்ணில் அதனைத் தூவிக் கண்ணாடியால் மூடிவைத்தால், சில வாரங்களில் பச்சைப் பாசிபோன்ற படலம் படரும். பின்னர் நெஞ்சவடிவச் சிறுதகடுகள் தோன்றும். அவற்றினின்று முதல் இலை எழச் சில மாதங்களும், தோட்டத்தில் நடுமளவு வளர ஓரிரண்டு ஆண்டுகளும் ஆகும்.