பிளாஸ்டிக் உறைக்குள் மாயாவி

ஞாயிறு சாயங்காலம் ஆனால் நாங்கள் நாலு பேர் கூடிவிடுவோம். எல்லோருக்கும் அறுபது தாண்டியாச்சு. இந்த மாதம் சிவகாசியிலிருந்து என்ன காமிக்ஸ் வந்தது, அடுத்து என்ன வரப்போகிறது, நடுநடுவே இளையராஜா. பேச்சு இவ்வளவுதான். அரசியல் கூடாது என்று ஒப்பந்தம் உண்டு. (அடிக்கடி மீறப்படும்.)

போன வாரம் ஒரு நண்பர் பழைய இரும்புக்கை மாயாவி இதழ் ஒன்றைக் கொண்டுவந்தார். பெரிய விலை கொடுத்து வாங்கியதாம். பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வைத்திருந்தார். கொடுங்கள், புரட்டிப் பார்க்கிறேன் என்றேன். "வேண்டாம் வாத்தியாரே, பிரிச்சா மதிப்பு போயிடும்" என்றார்.

நண்பர்களே, இதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் இந்த மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். இங்கிலாந்தில் பையன்கள் படிக்கிற வாரப் பத்திரிகைக்காக எழுதிய கதை அது. 1984-ல் லயன் வந்தது, ராணி காமிக்ஸ் வந்தது. பெட்டிக்கடையில் வாரப் பத்திரிகைகளோடு கிளிப் போட்டுத் தொங்கும். வாங்கக் காசில்லாதவனும் அட்டையைப் பார்ப்பான். ஒருத்தன் வாங்கினால் தெருவே படிக்கும். கடைசியாகக் கைக்கு வருகிறவனுக்கு அட்டை இருக்காது, சில சமயம் கிளைமாக்ஸே இருக்காது!

ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றுவிட்டது. லயன்-முத்து 2012-க்குப் பிறகு வண்ணத்தில், வழவழ தாளில், சந்தாவும் கூரியருமாக வருகிறது. இதில் பதிப்பகத்தாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெளிநாட்டுக்காரனுக்கு உரிமைத் தொகை கட்டி, குறைந்த பிரதிகள் அடித்தால் விலை ஏறத்தான் செய்யும். அவர்கள் விடாப்பிடியாக நிற்பதால்தான் டெக்ஸ் வில்லர் இன்னும் தமிழ் பேசுகிறார். ஆனால் புத்தகக் கண்காட்சி ஸ்டாலில் நிற்கிற தலைகளைப் பாருங்கள். பாதிக்கு மேல் நரை.

பாட்டுக்கு இந்தக் கதி வரவில்லையே, ஏன்? 2024-ல் 'மஞ்சுமெல் பாய்ஸ்' வந்தபோது, 1991-ல் வந்த 'குணா' பாட்டை அப்போது பிறக்காத பிள்ளைகளெல்லாம் பாடினார்கள். (ராஜா நோட்டீஸ் அனுப்பியது நியாயமா என்று நாங்கள் ஒரு மணி நேரம் சண்டை போட்டது தனி.) பஸ்ஸிலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் அந்தப் பாட்டு யாரையும் கேட்காமல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. காமிக்ஸ் அப்படிக் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததை எந்தப் பிள்ளை கேட்டு வாங்கும்?

செல்போன்தான் காரணம் என்பார்கள். நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏழாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையன்களை வருஷா வருஷம் பார்த்தவன் நான். பாடப் பக்கத்தைக் கண்டாலே மிரளுவான். படக்கதையைக் கொடுத்தால், யார் ஓடுகிறான், யார் அடிக்கிறான் என்பதைப் படம் சொல்லிவிடும். பலூனுக்குள் நாலே வார்த்தை. என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும் அவனுக்கு. அதற்காகவே படிப்பான். அது படிப்பில்லை, பொழுதுபோக்கு என்று சொல்லும் சக ஆசிரியர்களோடு எனக்கு எப்போதும் தகராறுதான்.

ஆகவே சேகரிக்கிற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்றை உறையில் போட்டு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வருஷத்துக்கு இரண்டு புத்தகமாவது கூடுதலாக வாங்கி, பக்கத்து அரசுப் பள்ளிக்குக் கொடுங்கள். எடுத்ததும் டெக்ஸைக் கொடுக்காதீர்கள், துப்பாக்கிச் சத்தம் அதிகம். லக்கி லூக்கில் ஆரம்பியுங்கள். முக்கியமாக, பீரோவில் வைத்துப் பூட்டாத தலைமையாசிரியராகப் பார்த்துக் கொடுங்கள். கிழியட்டும்.