திருமண வழக்கில் இரு தீர்ப்புகள்

“மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் எம் மகளின் திருமணம் செல்லாதென அறிவித்துவிட்டது, இனி மறுமணம் பேசலாமா?” எனப் பெற்றோர் வினவுவதுண்டு. சற்றுப் பொறுங்கள் என்பதே நமது விடை.

அத்தீர்ப்பு திருச்சபைச் சட்டத்தளவில் மட்டுமே செல்லும். அரசின் பார்வையில் முதல் திருமணம் நீடிக்கின்றது. உச்சநீதிமன்றம் 1996-இல் இதனைத் தெளிவாக்கிற்று. 2017-இலும் அந்நிலைப்பாட்டை மாற்ற மறுத்தது. எனவே 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டப்படி, குடும்ப நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ தீர்ப்புப் பெறுதல் வேண்டும். அன்றேல் மறுமணம் சட்டப்படி செல்லாது, தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

மறுபுறம், அரசு நீதிமன்றத்தில் மணமுறிவு மட்டும் பெற்றவர் கோவிலில் மறுமணம் செய்ய இயலாது. ஆயினும் மறுமணமின்றி வாழ்பவருக்கு அம்மணமுறிவு ஒன்றே நற்கருணைக்குத் தடையன்று. அத்தகைய சகோதரியை நாம் பந்தியினின்று ஒதுக்குதல் தகுமோ?