மக்மோகனை விட்டுவிடுங்கள்

1962 இந்திய-சீனப் போருக்குக் காரணம், 1914இல் சிம்லா மாநாட்டையொட்டி மக்மோகன் என்ற வெள்ளைக்காரர் இழுத்த சிவப்புக் கோடுதான் என்று வாதிடும் கட்டுரைத் தொகுப்புக்கு இந்த ஆண்டு பரிசு கிடைத்திருக்கிறது. பின்காலனிய வாசிப்பின் உச்சம் என்று நடுவர்கள் நெகிழ்ந்திருக்கிறார்கள். சக சிற்றிதழ் ஒன்று அட்டைப்படமே போட்டுவிட்டது. செத்துப்போன துரைமார் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடுவது எவ்வளவு சௌகரியம்!

மக்மோகனின் பேனா பர்மாவின் வட எல்லையிலும் ஓடியது. 1960இல் சீனாவும் பர்மாவும் உட்கார்ந்து பேசின. கொஞ்சம் கொடுத்து, கொஞ்சம் வாங்கி, அங்கே பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே எல்லை ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பரிசு பெற்ற நூலில் பர்மா என்ற பெயரே வரவில்லை. வந்தால் நூல் நிற்காது.

எல்லையைப் பேசவே கூடாத பொருளாக்கியது யார், எப்போது என்று கேட்டிருக்க வேண்டும். 1954 ஜூலையில் நேரு ஒரு குறிப்பு எழுதினார்: விவாதத்துக்கு இடமில்லாத உறுதியான எல்லையோடு புதிய வரைபடங்கள் அச்சிட வேண்டும். அதுவரை மேற்கே அக்சாய் சின் பக்கத்து எல்லை ‘வரையறுக்கப்படாதது’ என்றே நம் வரைபடங்களில் இருந்தது. அது போயிற்று. சீனத் தரப்பு மட்டும் யோக்கியமா? எங்கள் வரைபடங்கள் பழசு, திருத்த நேரமில்லை என்று சீனப் பிரதமர் சூ என்லாய் மழுப்பிய அதே ஆண்டுகளில், அக்சாய் சின் ஊடாகச் சாலை போட்டு 1957இல் முடித்துவிட்டார்கள்.

ஆனாலும் கணக்கு தீர்ந்தது 1959 செப்டம்பரில்தான் என்போம். இரு அரசுகளின் கடிதங்களையும் தொகுத்து, நேரு வெள்ளை அறிக்கையாக நாடாளுமன்றத்தில் வைத்தார். ஜனநாயகம் கேட்டது, கொடுத்தார். குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பெய்ஜிங்குக்குப் போன ஒவ்வொரு கடிதமும் மக்களவையின் எதிர்வரிசைக்காக எழுதப்பட்டது. 1960 ஏப்ரலில் சூ என்லாய் டில்லிக்கே வந்து, கிழக்கு உங்களுக்கு, மேற்கு எங்களுக்கு என்று ஜாடை காட்டினார். ஜாடையைப் புரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ளக்கூட அங்கே யாருக்கும் தைரியமில்லை. 1961 நவம்பரில் இந்தியாவின் ‘முன்னேறும் கொள்கை’ வந்தது. மலையுச்சிகளில் சின்னச் சின்னக் காவல்சாவடிகள். சீனர்கள் சுடமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அவற்றுக்கு அரண். 1962 ஜூனில், கிழக்கு எல்லையில், தக்லா முகட்டுக்குத் தெற்கே தோலா சாவடி. அக்டோபர் 20 விடிகாலையில், அங்கே நம்கா சூ ஆற்றங்கரையில் பருத்தி உடுப்போடு குளிரில் நின்ற நம் படைப்பிரிவு சீனத் தாக்குதலில் சிதறியது.

சீன எழுத்தாளர் லூ சுன்னைப் பித்துப் பிடித்து வாசித்த காலம் ஒன்று உண்டு. அடிவாங்கிவிட்டு மனசுக்குள் ஜெயித்துக்கொள்ளும் அவரது கதாநாயகன் ஆ க்யூவைச் சீனக் கிராமத்தான் என்றே அன்று எண்ணியிருந்தோம். தோல்விக்குப் பின் டில்லி பேசிய பேச்சைப் படித்தால் அவனுக்கு இந்தியக் குடியுரிமையும் உண்டென்று தெரியும். அந்தத் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை முழுதாக வெளியிடவில்லை. அதையும் மக்மோகனா பூட்டி வைத்தார்?

நம் பின்காலனியர்களுக்கு வெள்ளைக்காரன் இல்லாத வரலாறு வரலாறே இல்லை. போரின்போது அசாமிலும் வங்காளத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3000 பேரை, குழந்தைகள் உட்பட, ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தது சுதந்திர இந்தியா. போர் ஒரு மாதத்தில் நின்றுவிட்டது; அவர்களில் பலர் வெளிவர ஆண்டுகள் ஆயின. தேவ்லி பற்றித் தமிழில் யாராவது உருப்படியாக எழுதி அனுப்பினால் எட்டுப் பக்கம் ஒதுக்கத் தயார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் எழுதலாம்.