ஆண்டுக்கு ஒரு நூல்



கணக்குப் பார்ப்பது குமாஸ்தாவின் பிறவிக் குணம் போலும். ஆண்டு முடியும் தறுவாயில், அலுவலகக் கணக்கோடு நமது வாசிப்புக் கணக்கையும் எடுத்துப் பார்த்தோம். ஜனவரி முதல் நாளன்று, 24 தமிழ் நூல்களைப் படித்து முடிப்பதாக நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தோம். முடித்தவை 3.

இரவுப் பணியைக் காரணம் காட்டலாம். ஆயினும் அது முழு உண்மையன்று. எண்ணிக்கையை உயர்த்த வேண்டுமென்று மெலிந்த நூல்களாகவே தேடி எடுத்தோம். எண்ணிக்கை பின்தங்கியதும் ஊக்கமும் போயிற்று. படித்த மூன்றில் ஒன்றைப் பற்றித்தான் இன்று நாலு சொல் சொல்ல இயலும்.

இதுவும் ஒரு பெரிய குறையாகத் தோன்றியிராது. ஆனால், தீபாவளிக்கு ஊரிலிருந்து நம் அன்னையார் தம் கைப்பட ஒரு கடிதம் எழுதியிருந்தார். பேத்திக்கென்றே எழுதிய கடிதம் அது. ஒன்பது வயதுச் சிறுமி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்பா, நீங்களே படித்துச் சொல்லுங்கள்” என்று நீட்டினாள். இந்த நாகபுரியில் பிறந்து வளரும் குழந்தை. இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் தடையின்றிப் படிக்கின்றாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டுவதற்குள் சலித்துவிடுகின்றாள். அவளை நோவதில் பயனில்லை. தந்தை தமிழ் நூலைக் கையில் எடுத்து அவள் எத்தனை நாள் கண்டிருப்பாள்?

ஆகவே வரும் ஆண்டிற்கு ஒரே நூல் என்று முடிவு செய்தோம். அது உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை வாரந்தோறும் வெளிவந்து, ஐயர் 1942இல் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்று, 1950இல் நூலானது. வாரப் பத்திரிகைக்கு எழுதியதாகையால், ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு மாலையில் உரக்கப் படித்து முடிக்கத் தக்க அளவினது.

இந்நூலைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அது நம் போன்ற குடும்பத்தின் கதை. ஐயரின் தந்தையார் பிழைப்பிற்காகவும், மகனுக்குத் தமிழ் கற்பிக்க நல்லாசிரியர் வேண்டியும், உத்தமதானபுரத்தை விட்டு அரியலூர், குன்னம், செங்கணம் என்று ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். மூட்டை கட்டுவது எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம், நமது 24 என்னும் எண்ணுக்கு அந்நூலிலேயே மறுமொழி இருக்கின்றது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஐயர், சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் ஆகியவற்றையெல்லாம் அடுக்கிச் சொன்னார். முதலியாரோ வியக்கவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் படித்ததில்லை. அந்த ஒரு வினாவின் பயனாகவே, ஏழாண்டு உழைத்து, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். பட்டியலின் நீளம் முதலியாரை அசைக்கவில்லை. அது நம்மையும் காப்பாற்றவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். நூலில் 122 அத்தியாயங்கள் உள்ளன. மூன்று நாளுக்கு ஒன்று வீதம் படித்தால் 366 நாளாகும். ஒருநாள் தவறினாலும் திட்டம் கெடும். வண்டிகளின் கால அட்டவணையில், வழித் தாமதத்தை ஈடுசெய்யச் சிறிது உபரி நேரம் சேர்த்து வைப்பதுண்டு. அதுவே நமக்கும் நல்வழி. வாரத்திற்கு மூன்று அத்தியாயம் வீதம் 41 வாரங்களில் முடியும். எஞ்சிய 11 வாரங்கள் தேர்வுக்கும் காய்ச்சலுக்கும் ஊர்ப் பயணத்திற்கும்.

ஓர் அத்தியாயத்தை நாம் படிப்பது, மற்றொன்றை இல்லாள் படிப்பது, மூன்றாவதில் முதற்பத்தியை மட்டும் குழந்தை படிப்பது, எஞ்சியதை நாம் முடிப்பது என்று ஏற்பாடு. பத்தி ஒன்றுதான், அதற்கு மேல் கட்டாயமில்லை. கசப்பேறினால் தமிழும் மருந்தாகிவிடும்.

நேயர்கள் இந்நூலையே எடுக்க வேண்டுமென்பதில்லை. நாவலானாலும் திருக்குறளானாலும் நன்று. நாளுக்கு நான்கு குறள் வீதம் 1330 குறளும் 333 நாளில் முடியும். ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, பக்கத்தை எண்ணி, வாரத்தால் வகுத்து, விடுமுறைக்கு இடம்விட்டு எழுதி வையுங்கள். வீட்டார் செவியில் விழுமாறு படியுங்கள்.

நமது கணக்கை ஒவ்வொரு திங்களும் இப்பகுதியில் ஒளிவின்றித் தெரிவிப்போம். அடுத்த தீபாவளிக்குப் பாட்டியாரின் கடிதம் வரும்போது அதைப் பிரிக்கப் போவது யார் என்பதையும் தெரிவிப்போம்.