வாவியின் நாடியை விடியுமுன் பிடியுங்கள்

மட்டக்களப்பு வாவியில் மீன்கள் செத்து மிதந்தால் செய்தி எழுதுவோம். அதிகாரிகள் வந்து நீரைப் போத்தலில் எடுத்துச் செல்வார்கள். சில நாட்களில் எல்லாம் மறந்துபோகும். அப்படி எழுதி மறந்தவர்களில் நானும் ஒருவன்.

மீன் சாவதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று, நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் குறைவது. பகலில் ஒட்சிசனைத் தரும் பாசிகள், இரவில் அதனைச் சுவாசித்துக் குறைக்கின்றன. ஆகவே அளவு மிகத் தாழ்வது விடியுமுன்னர்தான். லீற்றருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் பெரும்பாலான மீன்களுக்குப் போதும். 2 இற்குக் கீழே போனால் ஆபத்து. அலுவலகம் திறந்த பின்னர் வந்து அளந்தால் இந்த உண்மை அகப்படாது.

ஒட்சிசன், உவர்த்தன்மை, வெப்பநிலை ஆகியவற்றை இரவும் பகலும் தானே பதியும் கருவிகள் உள்ளன. ஆனால் நட்டுவிட்டு மறக்கக்கூடிய பொருளல்ல அது. உவர்நீரில் சில வாரங்களிலேயே உணரியில் பாசி படரும். துடைத்து, அளவு திருத்தாவிட்டால் கருவி பொய் சொல்லும். 56 கிலோமீற்றர் நீள வாவிக்கு ஒரு கருவியும் போதாது. பாலமீன்மடு முகத்துவாரத்து நீர் வேறு, உள்வாவி நீர் வேறு.

மாரி வெள்ளத்தில் ஆற்றுவாயை வெட்டச் சொல்வார் விவசாயி. இறால் போய்விடும் என்பார் மீனவர். அந்த வழக்கிலும் இந்த எண்களே சாட்சியாக வேண்டும்.

என் கருத்து இதுதான்: கருவியைப் பராமரிக்கும் வேலையை ஊதியத்துடன் மீனவர் சங்கங்களிடம் ஒப்படையுங்கள். விடியுமுன் வாவியில் நிற்பவர்கள் அவர்களே. அன்றாட அளவுகளைத் தோணித்துறைகளில் தமிழில் எழுதி வையுங்கள்.