முயிறும் பிசின்மணியும்

பழமை என்றவுடன் நம்மவருள் பலர் கோயிலையும் கல்வெட்டையும் ஏட்டுச் சுவடியையுமே எண்ணுவர். அவை யாவற்றினும் தொன்மை வாய்ந்த குலமொன்று அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்து மாமரங்களில் இன்றும் குடியிருக்கின்றது. அதுவே முசுறு என்று மக்கள் வழங்கும் செவ்வெறும்பு. சங்கச் சான்றோர் இதனை முயிறு என்றனர். நற்றிணையின் 180ஆம் பாட்டில் முயிறு மொய்க்கும் கூடு கூறப்படுகின்றது.

இவ்வெறும்பின் தொழில் இலைகளைத் தைத்து வீடு செய்தலாம். பல எறும்புகள் அணிவகுத்து நின்று, ஓரிலையின் விளிம்பைக் காலாற் பற்றி, மற்றோரிலையை வாயாற் கவ்வி இழுக்கும். இடைவெளி மிகின், ஒன்றன் இடையை மற்றொன்று கவ்விச் சங்கிலிபோல் தொடரும். அப்பொழுது வேறு சில, தம் இளம்புழுக்களை வாயிற் கொணர்ந்து, இரண்டு விளிம்பிலும் மாறி மாறித் தொடுவிக்கும். புழு உமிழும் பட்டுநூலே தையலாகின்றது. வளர்ந்த எறும்பிற்கு நூல் இல்லை. புழுவோ தனக்கெனக் கூடு பின்னாது, தன் நூலைப் பொதுவீட்டிற்கே ஈந்துவிடுகின்றது.

நிற்க. ஐரோப்பாவில், பால்டிக் கடற்கரையில், அம்பர் என்னும் மணி கிடைக்கின்றது. அது 4 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் மரங்களினின்று வடிந்து இறுகிய பிசினாம். அதனுட் சிக்கிய முயிற்றினம் ஒன்றிற்கு 1868இல் ஆஸ்திரிய அறிஞர் குஸ்தாவ் மாயர் பெயரிட்டார். அவ்வினம் மாய்ந்தது, ஐரோப்பாவில் இன்று முயிறே இல்லை. அதன் உறவினங்கள் ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் வெப்பநாடுகளிலேயே எஞ்சியுள்ளன.

பிசின்மணி உடலைக் காக்கும், தொழிலைக் காவாது. அம்மணியிலுள்ள எறும்பும் இலை தைத்திருக்கும் என்று நாம் கருதுதற்கு உயிருள்ள முயிறே சான்று. மணியிலுள்ளது மூலம், மரத்திலுள்ளது அதன் உரை. உரை அழிந்தால் மூலம் எங்ஙனம் விளங்கும்?

அவ்வுரையை நம் ஊர்களில் நாமே அழித்து வருகின்றோம். தோப்புகள் மனைகளாகின்றன. எஞ்சிய மரத்திலும் கூட்டைக் கண்டவுடன் தீயிட்டோ மருந்தடித்தோ ஒழிக்கின்றனர். "கடிக்குமே" என்பர். கடிக்கும்; மறுப்பாரில்லை. ஆயினும் தழையைத் தின்னும் பூச்சிகளை வேட்டையாடி மரத்தைக் காப்பதும் அதுவே. சீனர் இக்கூடுகளை ஆரஞ்சுத் தோட்டங்களில் வைத்துப் பல நூற்றாண்டுகளாகப் பயன்கொண்டனர். ஆதலின், நடைவழியில் தாழ்ந்த கிளையிலுள்ள கூட்டை நீக்குதல் தகும். உச்சிக்கிளையிலுள்ளதை ஒழித்தல் தகாது. வீடு கட்டும் பழைய மாணவர்கள் தம் மனையில் ஒரு மாமரத்தையேனும் நிறுத்துவாராக. கண்ணாடிப் பேழையில் இறந்த முயிற்றைக் கண்டு வியத்தலினும், முற்றத்தில் உயிருள்ளதை வாழவிடுதலே கற்றார்க்கு அழகாம்.