யாருடைய பணம் அது?

2023 ஜனவரி 24, செவ்வாய்க்கிழமை. பெங்களூர் கே.ஆர். மார்க்கெட் மேம்பாலத்தில் கோட்டும் சூட்டுமாக ஒரு ஆசாமி வந்து நின்றார். கழுத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் தொங்கியது. கையிலிருந்த பையிலிருந்து பத்து ரூபாய் நோட்டுகளை அள்ளி அள்ளிக் கீழே வீசினார். மார்க்கெட் ஜனங்கள் ஓடிவந்து பொறுக்கினார்கள். பாலத்தின் மேலே போய்க்கொண்டிருந்த ஸ்கூட்டர்காரர்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவரிடமே கை நீட்டினார்கள். போக்குவரத்து ஸ்தம்பித்தது. அந்த வீடியோ நாடு முழுவதும் சுற்றியது. போலீஸ் அவரைப் பிடித்து விசாரித்தது.

பேச்செல்லாம் வீசியவரைப் பற்றித்தான். பொறுக்கியவர்களைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அது நியாயம்தான். சொந்தக்காரரே எல்லோர் கண்ணெதிரிலும் வேண்டாம் என்று வீசிய பணம் அது. எடுத்தவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை.

ஆனால் தெருவில் கிடக்கும் பணத்தை எப்போதும் யாரோ வீசியிருப்பதில்லை. பெரும்பாலும் அது விழுந்த பணம். ஒருவர் பாக்கெட்டிலிருந்து, இடுப்பு மடிப்பிலிருந்து, சுருக்குப் பையிலிருந்து நழுவியது. சுற்றிலும் யாரும் இல்லை. குனிவதா, கடந்து போவதா? குனிந்து எடுத்தால் அதை என்ன செய்வது? ஒரு நிமிஷத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய இந்தச் சின்ன விஷயத்தைச் சட்டம் ஆச்சரியப்படும் அளவுக்கு ஆழமாக யோசித்திருக்கிறது.

1860-ல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-வது பிரிவு, பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதைக் குற்றம் என்றது. அதை விளக்க அந்தப் பிரிவிலேயே சில உதாரணங்கள் தரப்பட்டன. அவற்றில் ஓர் உதாரணம்: ஒருவர் ராஜபாட்டையில் ஒரு ரூபாயைப் பார்க்கிறார், அது யாருடையது என்று அவருக்குத் தெரியாது, எடுத்துக்கொள்கிறார். இது குற்றமல்ல. அந்தக் காலத்தில் ஒரு ரூபாய் என்பது கூலிக்காரருக்குப் பல நாள் ஊதியம். ஆக, சிறிய தொகை என்பதால் சட்டம் அவரை விட்டுவிடவில்லை. அந்த ரூபாயில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை என்பதால் விட்டது.

அடுத்த உதாரணங்களைப் பார்த்தால் இது தெளிவாகும். ரூபாய் நோட்டு இருக்கும் ஒரு கடிதம் கிடைக்கிறது. விலாசத்தைப் பார்த்தால் யாருடையது என்று தெரிகிறது. ஆனாலும் நோட்டை எடுத்துக்கொண்டால் குற்றம். ஒருவர் பணப்பையைத் தவறவிடுவதைப் பார்த்து, திருப்பித் தரத்தான் எடுக்கிறார்; பிறகு மனம் மாறி வைத்துக்கொண்டால் குற்றம். எடுக்கும்போது யாருடையது என்று தெரியாமல், பின்னால் தெரிந்தும் வைத்துக்கொண்டால் அதுவும் குற்றம். விலையுயர்ந்த மோதிரம் கிடைக்கிறது. சொந்தக்காரரைத் தேடும் முயற்சியே செய்யாமல் உடனே விற்றால் குற்றம்.

இந்தத் தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. 403-வது பிரிவு அதில் 314-வது பிரிவாக இருக்கிறது. ராஜபாட்டையில் கிடந்த அந்த ஒரு ரூபாயும் கூடவே வந்துவிட்டது. மாறியது தண்டனை. முன்பு இரண்டு வருடம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். இப்போது குறைந்தது ஆறு மாத சிறை, கூடவே அபராதம்.

1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம் இன்னொரு பக்கத்தைப் பார்க்கிறது. கண்டெடுத்த பொருளைக் கையில் எடுத்துக்கொண்டவருக்கு, அடுத்தவர் நம்பி ஒப்படைத்த பொருளை வைத்திருப்பவருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு என்கிறது அதன் 71-வது பிரிவு. கடந்து போகிறவருக்கு இந்தப் பொறுப்பு எதுவும் இல்லை. எடுத்தவருக்கு உண்டு. சொந்தக்காரர் சன்மானம் அறிவித்திருந்தால் அதைக் கேட்டு வழக்குப் போடும் உரிமையும் அவருக்கு உண்டு.

இரண்டு சட்டங்களும் சேர்ந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான். எவ்வளவு பணம் என்பதல்ல. யாருடையது என்று தெரிந்துகொள்ள வழி இருந்ததா, இருந்தும் முயன்றாயா என்பதே கேள்வி. ‘யாருடையதோ தெரியவில்லை’ என்பது நல்ல பதில்தான். ஆனால் தெரிந்துகொள்ள விரும்பாதவரும் அதே பதிலைத்தான் சொல்வார்.

எவ்வளவு முயன்றால் போதும் என்று சட்டம் அளவு வைக்கவில்லை. சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்று விட்டுவிட்டது. எம்.ஜி. ரோடு நடைபாதையில் தனியாகப் பறக்கும் பத்து ரூபாய் நோட்டுக்கு முகவரி கிடையாது. விடியற்காலையில் கே.ஆர். மார்க்கெட் பூக்கடை வரிசையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கும் நோட்டுக் கட்டுக்கு முகவரி உண்டு. சொந்தக்காரர் ஐம்பது அடி தூரத்தில் கூடையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருப்பார். கிடந்த இடம், நேரம், நோட்டை மடித்திருக்கும் விதம் எல்லாமே ஒரு பெயரைச் சொல்லத்தான் பார்க்கின்றன.

பணம் பெரிதானால் ஆசையும் பெரிதாகும் என்பது பொதுவான நம்பிக்கை. 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. இந்தியா உட்பட 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,000-க்கு மேற்பட்ட பர்ஸ்களை வங்கி, ஹோட்டல், தபால் ஆபீஸ் போன்ற இடங்களின் முன்மேஜையில் ‘கீழே கிடந்தது’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, எத்தனை பேர் உரியவருக்குத் தகவல் தருகிறார்கள் என்று கவனித்தார்கள். பணமில்லாத பர்ஸ் விஷயத்தில் சுமார் 40 சதவீதம் பேர் தகவல் கொடுத்தார்கள். பணம் இருந்தபோது அது 51 சதவீதமாக உயர்ந்தது. மூன்று நாடுகளில் தொகையை இன்னும் பெரிதாக்கியபோது 72 சதவீதம். தொகை கூடக்கூட, வைத்துக்கொண்டால் தான் திருடன் என்ற உணர்வும் கூடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பர்ஸில் ஒரு சாவியையும் வைத்துப் பார்த்தார்கள். சாவி எடுத்தவருக்குப் பயன்படாது, தொலைத்தவருக்குத்தான் பயன்படும். சாவி இருந்த பர்ஸ்கள் இன்னும் அதிகமாகத் திரும்பின.

ஆனால் அந்த பர்ஸ்களில் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அச்சிட்ட அட்டை இருந்தது. சொந்தக்காரருக்கு ஒரு முகம் இருந்தது. முகமில்லாத உதிரி நோட்டிடம் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு இந்த ஆய்வில் பதில் இல்லை.

பெங்களூரிலேயே அதற்கு ஒரு சம்பவம் உண்டு. 2023 நவம்பரில் நாகவாரா அருகே ரயில் பாதையோரம் குப்பை பொறுக்கும் தொழிலாளி ஒருவருக்கு ஒரு பை கிடைத்தது. உள்ளே 23 கட்டு அமெரிக்க டாலர்கள். மதிப்பு 30 லட்சம் டாலர், ஏறக்குறைய 25 கோடி ரூபாய். மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர் அவர். சில நாள் வைத்திருந்துவிட்டு, தான் வேலை பார்க்கும் பழைய சாமான் வியாபாரியிடம் சொன்னார். விஷயம் போலீஸ் கமிஷனர் வரை போனது. நோட்டுகளின் மேல் ஏதோ ரசாயனம் பூசியிருந்தது. ‘கறுப்பு டாலர்’ மோசடிக் கும்பலின் போலிச் சரக்கு என்று போலீஸ் சந்தேகித்தது. கடத்துவதற்காக மை பூசிய அசல் டாலர் இது, கழுவ ரசாயனம் வாங்கப் பணம் கொடு என்று ஏமாற்றுவது அந்தக் கும்பல்களின் வழக்கம்.

நேர்மையோ பயமோ, அந்தத் தொழிலாளி பணத்தை மறைக்கவில்லை. அவரைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. வசதியானவர் நோட்டுக் கட்டோடு ஸ்டேஷனுக்குப் போனால் நாற்காலி போடுவார்கள். மொழி சரியாகத் தெரியாத கூலிக்காரர் போனால், ‘மிச்சம் எங்கே?’ என்று கேட்டுவிடுவார்களோ என்று நடுங்க வேண்டியிருக்கிறது. திருப்பிக் கொடுப்பதற்கும் ஒரு தைரியம் வேண்டியிருக்கிற ஊரில், கொடுக்காதவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

கிடக்கும் பணம் தூண்டில் புழுவாக இருக்கவும் கூடும். பெங்களூர், சென்னை போலீஸாருக்கு இது பழகிப்போன வழக்கு. வங்கியில் பணம் எடுத்துக்கொண்டு ஒருவர் காருக்கு வருகிறார். யாரோ நாலைந்து பத்து ரூபாய் நோட்டுகளைக் காரருகே போட்டுவிட்டு, ‘சார், உங்க பணம் விழுந்துடுச்சு’ என்கிறார். அவர் குனிகிறார். நிமிரும்போது சீட்டிலிருந்த பை இல்லை. ஐம்பது ரூபாய் முதலீட்டில் ஐந்து லட்சம். யாராவது ‘விழுந்துவிட்டது’ என்று கைகாட்டினால், முதலில் கையில் இருப்பதைப் பிடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இப்போது காலம் இன்னொரு மாற்றத்தையும் கொண்டுவந்திருக்கிறது. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. இன்று பெங்களூரில் இளநீர்க்காரர் வண்டியிலும் க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. மென்பொருள் கம்பெனி ஊழியரின் பாக்கெட்டில் போன் மட்டுமே இருக்கிறது. அவர் தெருவில் தொலைக்க அவரிடம் நோட்டே இல்லை. அப்படியென்றால் கீழே கிடக்கும் ஐநூறு ரூபாய் யாருடையதாக இருக்கும்? போனில் பணம் அனுப்பத் தெரியாத பாட்டியுடையதாக இருக்கலாம். அன்றாடக் கூலியை ரொக்கமாக வாங்கும் கட்டடத் தொழிலாளியுடையதாக இருக்கலாம். 2025 ஜூலையில் வரி நோட்டீஸுக்குப் பயந்து க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி வைத்தார்களே, அந்தச் சிறுகடைக்காரர்களில் ஒருவருடையதாக இருக்கலாம். நோட்டில் பெயர் இல்லைதான். ஆனால் அந்தப் பெயர் யாருடையதாக இருக்கும் என்று முன்பைவிட இப்போது எளிதாக ஊகிக்கலாம். தொலைத்தால் தாங்க முடியாதவர்களின் பணமே இப்போது அதிகம் தெருவில் விழ வாய்ப்பிருக்கிறது.

போனுக்குள்ளும் பணம் வழிதவறுகிறது. ஒரு எண்ணை மாற்றிப் போட்டால் முன்பின் தெரியாதவர் கணக்கில் போய் விழும். அதை ‘தானாக வந்தது’ என்று வைத்துக்கொள்ள முடியாது. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு சொல்கிறது. இங்கும் தூண்டில் உண்டு. பணமே போடாமல், போட்டதுபோல ஒரு போலிக் குறுஞ்செய்தி அனுப்பி, ‘தப்பா வந்துடுச்சு, திருப்பி அனுப்புங்க’ என்று கெஞ்சுவார்கள். செய்தியை நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பது நல்லது. உண்மையிலேயே வந்திருந்தால் வங்கி மூலமாகவே திருப்புவது பாதுகாப்பு.

தெருவில் எடுத்ததற்கும் எளிய முறை இருக்கிறது. பக்கத்துக் கடையில் சொல்லி வைக்கலாம். எவ்வளவு என்று மட்டும் சொல்லக் கூடாது. தேடி வருகிறவர் தொகையையும், எந்த நோட்டுகள், எதில் சுற்றியிருந்தது என்பதையும் சொல்லட்டும். பஸ்ஸில் கிடைத்தால் கண்டக்டர், மெட்ரோவில் கிடைத்தால் ஸ்டேஷன் ஊழியர், பெரிய தொகையென்றால் போலீஸ். தனியாகப் போகத் தயங்குபவர் தெரிந்த இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போய், கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்கலாம்.

நம்மவர்களிடம் மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. கிடைத்த காசு கையில் தங்காது என்று சொல்லி அதைக் கோயில் உண்டியலில் போட்டுவிடுவது. யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாத பத்து ரூபாய்க்கு அது கௌரவமான முடிவு. ஆனால் விசாரித்திருந்தால் பத்து நிமிஷத்தில் ஆள் கிடைத்திருக்கக்கூடிய ஐயாயிரத்தை உண்டியலில் போட்டால், எடுத்தவரின் மனசு லேசாகும். மார்க்கெட்டில் கூடையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கும் பெண்மணிக்கு அன்றைய கொள்முதல் இல்லை, மறுநாள் வட்டி மட்டும் உண்டு. சாமிக்குப் போட்டதும் அவருடைய பணம்தான்.